எள்ளலிலிருந்து வெகுளிக்கு: ‘ஆரண்ய காண்டம்’ திரைப்படத்தின் இருண்மை நகைச்சுவையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும்

ஆய்வுச்சுருக்கம்

தியாகராஜன் குமாரராஜா எழுதி இயக்கி 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆரண்ய காண்டம்’ துரோகத்தையும் பழிவாங்கலையும் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படம். குற்றவுலகப் படமாகவே பெரிதும் வகைப்படுத்தப்பட்டு வரும் இப்படத்தை இருண்மை நகைச்சுவையாக வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் கூறப்படும் நகை, இளிவரல், வெகுளி ஆகிய மூன்று மெய்ப்பாடுகளும் அவற்றின் நிலைக்களன்களும் இவ்வாசிப்புக்குக் கருவியாகின்றன. படத்தில் நிகழும் ஒவ்வொரு துரோகத்திற்கும் ஓர் எள்ளல் தோற்றுவாயாக அமைவதையும், எள்ளப்பட்டவரிடம் அது இளிவரலாகி, பின்னர் வெகுளியாக மாறுவதையும் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. மெய்ப்பாடுகளைத் தனித்தனியே பட்டியலிடுவதினும், ஒன்று மற்றொன்றாக மாறும் வழியை ஆராய்வதே சமகாலப் படைப்புகளுக்கு மெய்ப்பாட்டியலைப் பொருத்தும்போது பயன் தரும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆரண்ய காண்டம், இருண்மை நகைச்சுவை, மெய்ப்பாடு, எள்ளல், இளிவரல், வெகுளி, துரோகம், பழிவாங்கல்.

முன்னுரை

அச்சமோ அருவருப்போ துயரமோ தரவேண்டிய நிகழ்ச்சி சிரிப்பையும் உடன் தருமாயின் அதனை இருண்மை நகைச்சுவை என்பர். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1940இல் தொகுத்த நூலின் வழியாக இச்சொல்லாட்சி இலக்கிய உலகில் நிலைபெற்றது. தமிழ்த் திரைப்படத்தில் இவ்வகைமை அண்மைக் காலத்தில்தான் தனித்து இனங்காணப்பட்டது. நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) பெற்ற வரவேற்பு இச்சொல்லைப் பரவலான வழக்கிற்குக் கொண்டுவந்தது. அதற்கு ஈராண்டுகள் முன்பே வந்த ‘ஆரண்ய காண்டம்’ பற்றிய பேச்சோ பெரும்பாலும் அதன் ஒளிப்பதிவு, வன்முறை, கொச்சை மொழி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. படத்தில் சிரிப்பு உண்டு என்பதைப் பலரும் ஒப்புவர். அச்சிரிப்பு கதையின் இடையிடையே வந்துசேரும் ஓய்வா, அல்லது கதையை நகர்த்தும் விசையா என்னும் வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் பின்புலம்

எஸ்.பி.பி. சரணின் கேப்பிடல் ஃபிலிம் ஒர்க்ஸ் நிறுவனம் தயாரித்த இப்படம் இயக்குநரின் முதற்படம். ஜாக்கி ஷெராஃப், சம்பத் ராஜ், ரவி கிருஷ்ணா, யாஸ்மின் பொன்னப்பா, குரு சோமசுந்தரம், சிறுவர் வசந்த் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். ஒளிப்பதிவு பி.எஸ். வினோத், இசை யுவன் சங்கர் ராஜா. யுவனின் பின்னணி இசை உண்டேயன்றிப் படத்திற்கெனப் புதிதாக இயற்றப்பட்ட பாடல்கள் இல்லை. 2010இல் நியூயார்க்கில் நடைபெற்ற தெற்காசிய பன்னாட்டுத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறந்த படத்திற்கான விருதைப் பெற்றது. 59ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிமுக இயக்குநரின் சிறந்த படத்திற்கான இந்திரா காந்தி விருதும், பிரவீன் கே.எல்., என்.பி. ஸ்ரீகாந்த் இருவருக்கும் சிறந்த படத்தொகுப்பிற்கான விருதும் கிடைத்தன. திரையரங்குகளில் வணிக வெற்றி கிட்டவில்லை.

முழுவதும் திரைத்தொழிலுக்கு வெளியே உருவான படம் என்னும் பொருளில் இதனைச் சார்பற்ற படம் எனல் இயலாது. நாயக வழிபாடு, பாடற்காட்சி, தனித்த நகைச்சுவைக் கிளைக்கதை, அறம் வெல்லும் இறுதி ஆகிய வணிகப்பட வேண்டுகைகள் எவற்றிற்கும் கட்டுப்படாமை என்னும் பொருளில் இது சார்பற்றது. இவற்றுள் நகைச்சுவைக் கிளைக்கதையைத் தவிர்த்தமை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. வணிகப்படத்தில் நகைச்சுவை நடிகருக்கென ஒதுக்கப்பட்ட சிரிப்பு, இங்கு கொலைகாரர்களிடமும் அவர்தம் இரைகளிடமும் பங்கிடப்படுகிறது.

தணிக்கை வாரியம் 52 இடங்களில் வெட்டுகள் கோரியதும், படக்குழு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடியதும், பின்னர் வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் சான்றுடன் படம் வெளிவந்ததும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. வசை மொழி இப்படத்தில் மேற்பூச்சு அன்று. ஒருவரை ஒருவர் சொல்லால் இழித்தலே கதை நிகழ்ச்சிகளுக்குக் காரணமாக அமைகிறது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

கதைப்போக்கு

ஒரே நாளில் வடசென்னையில் நிகழும் கதை இது. முதுமை எய்திய குற்றக்குழுத் தலைவன் சிங்கப்பெருமாள், தன் வீட்டில் அடைத்து வைத்திருக்கும் இளம்பெண் சுப்புவுடன் கூட இயலாமல் போகிறான். அந்த ஆற்றாமையை அவளை அடித்துத் தீர்த்துக்கொள்கிறான். அதே காலையில், எதிர்க்குழுத் தலைவன் கஜேந்திரனுக்கு உரிய போதைப்பொருள் கைக்கெட்டும் நிலையில் இருப்பதாக அவனுடைய வலக்கையான பசுபதி செய்தி கொண்டுவருகிறான். சிங்கப்பெருமாள் தயங்குகிறான். முதுமையால் வலு இழந்துவிட்டீர்களா என்னும் பொருள்படப் பசுபதி ஒரு கேள்வி கேட்கிறான். அவனைக் கொல்லுமாறு சிங்கப்பெருமாள் ஆணையிடுகிறான்; பசுபதியின் மனைவி கஸ்தூரி பிணையாகிறாள். தப்பியோடும் பசுபதி, சிங்கப்பெருமாளின் ஆட்களையும் கஜேந்திரனின் ஆட்களையும் ஒருவரோடொருவர் மோதவிடுகிறான்.

மற்றொரு புறம், நொடித்துப்போன ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த குடிகாரன் காளையன், சேவற்சண்டையில் பணம் ஈட்டும் நம்பிக்கையுடன் தன் மகன் கொடுக்காப்புளியை அழைத்துக்கொண்டு நகருக்கு வருகிறான். போதைப்பொருள் எதிர்பாராவண்ணம் அவர்கள் கைக்கு வந்துசேர்கிறது. குழுவினர் அனைவரும் ஏளனம் செய்யும் ஏவலாளான சப்பை என்பவனின் பொறுப்பில் சுப்பு விடப்படுகிறாள். இருவரிடையே உறவு மலர்கிறது. பணத்துடன் தப்பிச் செல்லத் திட்டமிடுகின்றனர். இறுதியில் சிங்கப்பெருமாள் சப்பையின் கையால் மாய்கிறான். சப்பையைச் சுப்பு சுட்டுக் கொன்றுவிட்டு வெளியேறுகிறாள்.

மெய்ப்பாட்டியல் தரும் கருவி

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டெனக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு எனவும் வகுக்கிறார். அவற்றுள் இங்கு வேண்டப்படுவன மூன்று. நகை என்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின்கண் தோன்றும். இளிவரல் என்பது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கின்கண் தோன்றும். வெகுளி என்பது உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கின்கண் தோன்றும்.

உரையாசிரியர்கள் தரும் விளக்கங்களுள் மூன்று நம் நோக்கிற்குப் பெரிதும் துணைபுரிகின்றன. முதலாவது, பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுப்பது. தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்ட விடத்துத் தானே நகுதல் மற்றொன்று. இரண்டாவது, குடிகோள் என்பதை மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு முதலியவற்றிற்குக் கேடு சூழ்தலாக அவர் கொள்வது. மூன்றாவது, வெகுளிக்குக் களனாகிய கொலை என்பதை உயிர்க்கொலையாகக் கொள்ளாமல், ஒருவனது அறிவையும் புகழையும் சொல்லால் அழித்தலாக அவர் விளக்குவது. சொல்லும் ஒரு கொலைக்கருவி என்னும் இவ்விளக்கம், ஒற்றைக் கேள்வியால் தொடங்கும் கதையொன்றை அணுகுவதற்கு மிகப் பொருத்தமானது.

மெய்ப்பாடுகளைப் படைப்புகளில் தேடும் கட்டுரைகள் பெரும்பாலும் நகைக்கு ஒரு சான்று, அழுகைக்கு ஒரு சான்று என எட்டுக்கும் சான்று காட்டி முடிகின்றன. அம்முறை நூற்பாவின் பொருத்தத்தை மெய்ப்பிக்கும். படைப்பைப் பற்றிப் புதிதாக ஒன்றும் உணர்த்தாது. மேற்கூறிய மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறோர் உண்மை புலனாகிறது. இளிவரலின் களன்களாகிய மூப்பும் மென்மையும், பிறர் நோக்கில் எள்ளலுக்கு இலக்காகத் தக்கவை. எள்ளலோ எள்ளப்பட்டவன் நோக்கில் தன் புகழைக் கொன்றுரைத்தலாகிறது. எனவே ஒரே நிகழ்ச்சி, காண்பவனுக்கு நகையாகவும், உற்றவனுக்கு இளிவரலாகவும், அவன் எதிர்வினையில் வெகுளியாகவும் அமைய இடமுண்டு. இருண்மை நகைச்சுவை என நாம் வழங்குவது இம்மூன்றும் ஒருங்கே நிற்கும் நிலையையே எனலாம்.

மூப்பும் ஒரு சொல்லும்

படத்தின் முதற்காட்சியிலேயே சிங்கப்பெருமாளின் மூப்பு பார்வையாளருக்கு அறிவிக்கப்படுகிறது. பெயரில் சிங்கமும் பெருமாளும் சேர்ந்திருக்க, உடல் அவனுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறது. சுப்புவின்மீது விழும் அடிகள் அந்த இளிவரலின் வெளிப்பாடு. அவளிடம் தோன்றிய சினம் என அவற்றைக் கொள்ள முடியாது. அவள் செய்த குற்றம், அவனது இயலாமைக்குச் சாட்சியாக இருந்தமை ஒன்றே.

இதன் பின்னரே பசுபதியின் கேள்வி வருகிறது. அவன் பயன்படுத்தும் ‘டொக்கு’ என்னும் சென்னை வழக்குச்சொல், தேய்ந்து பயனற்றுப்போன நிலையைச் சுட்டுவது. பசுபதி அதனைத் தொழில் நோக்கில் கேட்கிறான். கஜேந்திரனை எதிர்க்கும் துணிவு உண்டா என்பதே அவன் கருதிய பொருள். சிங்கப்பெருமாள் அதனைத் தன் உடலைப் பற்றிய கேள்வியாகக் கேட்கிறான். காலையில் மூடிய அறைக்குள் நடந்தது பசுபதிக்குத் தெரியாது, பார்வையாளருக்குத் தெரியும். இந்த அறிவு வேறுபாட்டில்தான் சிரிப்பு பிறக்கிறது. அச்சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு மனிதனின் சாவு முடிவுசெய்யப்பட்டுவிடுகிறது. பேராசிரியர் கூறும் கொன்றுரைத்தல், சொன்னவன் அறியாமலே இங்கு நிகழ்ந்துவிட்டது.

துரோகம் என்னும் சொல்லுக்குரிய வழக்கமான பொருளைப் படம் இவ்விடத்தில் தலைகீழாக்குகிறது. குற்றவுலகப் படங்களில் துரோகம் பெரும்பாலும் தொண்டன் தலைவனுக்குச் செய்வது. அதற்கு ஆசை காரணமாகும். இங்கு முதல் துரோகம் தலைவன் தொண்டனுக்குச் செய்வது. அதற்குக் காரணம் பணமோ பதவியோ அன்று, நாணம். முகத்திற்கு எதிரே இசைவு தெரிவித்து, முதுகிற்குப் பின்னே கொலைக்கு ஆணையிடும் தலைவன், தன் மூப்பை மறைக்கும் பொருட்டே அதனைச் செய்கிறான்.

குடிகோளும் சூழ்ச்சியும்

பசுபதியைக் கொல்லும் ஆணை வந்துசேரும் காட்சி, படத்தின் நகைச்சுவை இயங்கும் முறையைத் தெளிவாகக் காட்டுவது. வண்டியில் உடன்வரும் அடியாட்களுள் ஒருவன், பெண்களிடம் பேச்சுக்கொடுத்து நெருங்குவது எவ்வாறு என்பதை, ரஜினியைப் பிடிக்குமா கமலைப் பிடிக்குமா என்னும் கேள்வியை முன்வைத்து, பெரிய ஆய்வாளன் போல விளக்கிக்கொண்டு வருகிறான். தன் கருத்தில் அவன் கொண்டுள்ள உறுதி பேதைமையின்பாற்பட்ட நகை. அந்தப் பேச்சின் ஊடேதான் தொலைபேசியில் ஆணை வருகிறது. பேச்சின் பொருள் மாறுகிறது; பேசுபவர்களின் முகமோ குரலோ பெரிதாக மாறவில்லை. உடன் உண்டு உடன் திரிந்தவனைக் கொல்லுதல் அவர்களுக்கு மற்றுமொரு பணி. அடியாட்களின் பேதைமையைக் கண்டு எழுந்த சிரிப்பு, அதே பேதைமை கொலைக்கும் போதுமானது என்பதை உணரும்போது அச்சமாகிறது.

பசுபதியின் வெகுளிக்குக் களனாவது குடிகோள். தன் உயிருக்கு வந்த கேட்டைவிட, மனைவி பிணையாக்கப்பட்டதே அவனை எதிர்த்தாக்குதலுக்குச் செலுத்துகிறது. எனினும் அவனது வெகுளி கொதித்தெழும் வெகுளியன்று. அவன் ஓடுகிறான், ஒளிகிறான், கணக்கிடுகிறான், தொலைபேசியில் பேசியே எதிரிகளை ஒருவர்மீது ஒருவர் ஏவுகிறான். இரு குழுக்களும் மோதும் நிலை, ஒவ்வொரு குழுவும் மற்றதைப் பற்றி முன்னரே கொண்டிருந்த எண்ணத்தை விடாமல் பற்றிக்கொள்வதால் விளைகிறது. பிறர் உணர்த்த உணர்ந்ததைப் பற்றிக்கொண்டு விடாமையே மடன் என உரையாசிரியர் விளக்குவது இவ்விடத்து நினைக்கத்தக்கது. பசுபதியின் பழிவாங்கல் எதிரிகளின் மடனைக் கருவியாகக் கொள்கிறது. அதனால் மோதற்காட்சி வீரத்தின் காட்சியாக அமையாமல், தவறான புரிதலின் காட்சியாக அமைந்து நகைக்கு இடந்தருகிறது.

மென்மை என்னும் மறைப்பு

சப்பை என்பது இயற்பெயரன்று, இழிப்புப் பெயர். வலுவற்றவன், பொருட்படுத்தத் தகாதவன் என்னும் பொருளை அப்பெயர் நாள்தோறும் அவனுக்கு நினைவூட்டுகிறது. மென்மை என்னும் இளிவரற்களனின் மனித வடிவம் அவன். உரை மரபில் மென்மைக்கு வறுமை எனவும் பொருள் கொள்வர்; ஏவல் செய்து பிழைக்கும் சப்பைக்கு அப்பொருளும் பொருந்தும். குழுவினர் அவனை எள்ளி நகுகின்றனர். ஆண்மையற்றவன் எனக் கருதப்படுவதால் அவனிடம் சுப்புவை விட்டுச் செல்வதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை. எள்ளல் இங்கு எள்ளுபவர்களின் கண்ணை மறைக்கிறது.

இந்த மறைப்பைச் சரியாக உணர்ந்தவள் சுப்பு ஒருத்தியே. அலை என்னும் வெகுளிக்களன் அவளுக்கு உரியது. அடிக்கப்படுதலே அவளது அன்றாடம். ஆனால் வெகுளியை வெளிக்காட்டும் உரிமை அவளுக்கு இல்லை. ஆகவே அது திட்டமாக உருமாறுகிறது. சப்பையின்மீது அவள் காட்டும் பரிவு உண்மையானதா, நடிப்பா என்பதைப் படம் இறுதிவரை மறைத்து வைக்கிறது. தன்னை ஒரு மனிதனாக மதித்த முதல் ஆள் எனச் சப்பை அவளை நம்புகிறான். அந்த மதிப்பினால் பெற்ற துணிவே சிங்கப்பெருமாளைக் கொல்லும் அளவிற்கு வளர்கிறது. நெடுங்காலம் சேர்ந்திருந்த எள்ளல் முழுவதும் அந்த ஒரு கொலையில் வெகுளியாக வடிகிறது.

உடனே சுப்பு அவனைச் சுட்டு வீழ்த்துகிறாள். தன் செயலுக்கு அவள் கூறும் விளக்கம் பெரிதும் நினைவுகூரப்படுவது. சப்பையும் ஓர் ஆண்தான் எனவும், ஆண்கள் எல்லோரும் சப்பைகளே எனவும் அவள் முடிவுரைக்கிறாள். ஒருவனை இழிப்பதற்காக ஆண்கள் வைத்த பெயரை எடுத்து, அவள் எல்லா ஆண்களுக்கும் பொதுவாக்கிவிடுகிறாள். நாள்தோறும் எள்ளப்பட்டவனும் எள்ளியவர்களும் ஒரே பெயருக்குள் அடைபடுகின்றனர். பழிவாங்கல் துப்பாக்கியால் தொடங்கிப் பெயரிடுதலில் முற்றுப்பெறுகிறது.

இவ்விறுதியை நிறைவளிக்கும் நீதியாகக் கொள்வதற்கு ஒரு தடையுண்டு. கொல்லப்பட்ட இருவருள் சிங்கப்பெருமாள் சுப்புவைத் துன்புறுத்தியவன். சப்பை அவளுக்கு உதவியவன். அவனுக்கு இழைக்கப்பட்டது துரோகம் என்பதில் ஐயமில்லை. அவனும் அடுத்த உரிமையாளனாகியிருப்பான் என்பதே அவளது தீர்ப்பின் உட்கிடை. அந்த ஐயத்திற்கு ஆதாரம் உண்டா என்பதைப் படம் முடிவாகக் கூறவில்லை. தேவை எதுவோ அதுவே தருமம் என்னும் கருத்தமைந்த, சாணக்கியரை முன்னிறுத்திய உரையாடலொன்று படத்தின் தொடக்கத்தில் திரையில் காட்டப்படுகிறது. அக்கருத்தைப் படத்தின் அறமாகக் கொள்வோர் உளர். படத்தில் ஒவ்வொருவரும் தம் தேவையைத் தருமமாகக் கருதிச் செய்தவற்றின் விளைவு பிணங்களாகக் கிடப்பதை நோக்கினால், அதனை ஏற்கப்பட்ட அறமாகக் கொள்வதினும் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட கூற்றாகக் கொள்வதே பொருந்தும்.

இளிவரல் வெகுளியாகாத இடம்

எள்ளல் எல்லா இடத்தும் வெகுளியாக முடிவதில்லை என்பதற்குப் படத்திலேயே சான்றுண்டு. காளையன் இளிவரலின் பல களன்களுக்கும் உரியவன். குடி அவனுக்குப் பிணி. வறுமை அவனுக்கு மென்மை. இழந்த ஜமீன் பெருமையைப் பேசிக்கொண்டு திரிதல் அவனது வருத்தம். அவனை எள்ளுபவர்களுள் முதல்வன் அவன் மகனே. சிறுவனான கொடுக்காப்புளி பெரியவனைப் போலத் தந்தையைக் கடிந்து பேசுவதும், தந்தை குழந்தையைப் போல அடம்பிடிப்பதும் இளமை, பேதைமை ஆகிய இரு நகைக்களன்களும் இடம்மாறி நிற்கும் காட்சிகள்.

ஆயினும் தந்தை பிடிபட்டுத் துன்புறும்போது அவனை மீட்க முன்வருபவன் அச்சிறுவன். தந்தையை உனக்கு மிகவும் பிடிக்குமா எனப் பசுபதி கேட்க, அப்படியொன்றும் இல்லை, ஆனாலும் அவர் என் தந்தை என்னும் கருத்துப்படச் சிறுவன் விடையிறுக்கிறான். படத்தில் துரோகத்தால் தீண்டப்படாத உறவு இது ஒன்றே. வியப்பு யாதெனில், மதிப்பும் இங்கு இல்லை, அன்பு பற்றிய உறுதிமொழியும் இல்லை. மற்ற உறவுகள் அனைத்தும் மதிப்பை எதிர்பார்த்து நிற்பவை; அது குறைந்தவிடத்து முறிபவை. தந்தையின் இழிவை முழுவதும் அறிந்து, அதனைச் சொல்லியும் காட்டிவிட்ட மகனிடம் மறைப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. மறைப்பதற்கு எதுவும் இல்லாதவிடத்துக் கொன்றுரைத்தலும் இல்லை. எள்ளல் வெகுளியாவது, எள்ளப்பட்டவன் தன் இளிவரலை மறைக்க முயலும்போதே என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.

தலைப்பும் விலங்குப் பெயர்களும்

இராமகாதையின் ஆரணிய காண்டம், சீதை கவர்ந்து செல்லப்படும் பகுதி என்னும் அளவிலேயே பெரும்பாலோர் நினைவில் நிற்கிறது. படத்தில் கஸ்தூரி பிணையாக்கப்படுவதையும் சுப்பு அடைத்து வைக்கப்பட்டிருப்பதையும் அதனோடு பொருத்திக் காண்பது எளிது. அக்காண்டத்தில் சீதை கவரப்படுதற்கு முன்னர்ச் சூர்ப்பணகை நிகழ்ச்சி உள்ளது. தன் விருப்பத்தை வெளியிட்ட அவள் எள்ளப்படுகிறாள், பின்னர் உறுப்பறுக்கப்படுகிறாள், அவளது வெகுளியே பின்வரும் பேரழிவுக்கு வித்தாகிறது. எள்ளல், உறுப்பறை, வெகுளி என்னும் வரிசை மூலக்காண்டத்திலேயே அமைந்திருத்தல் காண்க. மாயமானும் தவவேடமும் அதில் இடம்பெறும் வஞ்சங்கள். எனவே தலைப்பு கதைக்கு ஓர் அலங்காரம் அன்று. எள்ளப்பட்டவர் பழிவாங்கும் கதைமரபொன்றின் சுட்டாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு.

காட்டுக்குரிய பெயர்களும் பாத்திரங்களுக்கு வாய்த்துள்ளன. சிங்கப்பெருமாளில் சிங்கமும், கஜேந்திரன், அவன் தம்பி கஜபதி ஆகியோரில் யானையும், காளையனில் காளையும் உள்ளன. பசுபதி என்பது உயிர்களுக்கெல்லாம் தலைவனைக் குறிப்பது. அச்சத்திற்குரிய களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பவற்றைக் கூறுவார். விலங்கின் பெயரைத் தாங்கிய கள்வர்கள், தம் தலைவனை அஞ்சி வாழும் இக்கதையுலகில் அவற்றுள் மூன்று ஒருங்கே அமைந்துள்ளன. இவ்வச்சம் பெயரளவில் நிற்பது என்பதே படத்தின் நகை. சிங்கம் வேட்டையாட அஞ்சுகிறது, காளை தள்ளாடுகிறது. விலங்குப் பெயர் இல்லாத சுப்புவும், மரமொன்றின் பெயரை ஏற்ற கொடுக்காப்புளியும் காட்டிலிருந்து உயிருடன் வெளியேறுகின்றனர்.

பார்வையாளரின் மடன்

இதுகாறும் கூறியவை கதைமாந்தரின் மெய்ப்பாடுகள். மெய்ப்பாடு காண்பவர்மாட்டும் நிகழ்வதாதலின், பார்வையாளரின் நிலையும் ஆராயத்தக்கது. குழுவினரோடு சேர்ந்து பார்வையாளரும் சப்பையைக் கண்டு சிரிக்கின்றனர். பின்னர், அடக்கப்பட்ட பெண்ணும் இழிக்கப்பட்ட ஆணும் காதலால் ஒன்றிணைந்து விடுதலை பெறுவர் என எதிர்பார்க்கின்றனர். இவ்வெதிர்பார்ப்பைத் தந்தது இப்படம் அன்று. பல பத்தாண்டுக் காலத் திரைக்காதல் கதைகள் தந்தவை. கொண்டதை விடாமையாகிய மடன் இங்குப் பார்வையாளருக்கு உரியதாகிறது. சுப்புவின் துப்பாக்கி சப்பையோடு சேர்த்து அவ்வெதிர்பார்ப்பையும் வீழ்த்துகிறது.

அவ்விறுதியில் எழும் சிரிப்பு முன்னைய சிரிப்புகளினும் வேறானது. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் எனப் பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளல் அது. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த பார்வையாளர் தம் பேதைமையைக் கண்டு நகுகின்றனர். கதைக்குள் எள்ளப்பட்டவர் எவரும் இவ்வகை நகையை அடையவில்லை. அவர்கள் வெகுண்டனர், கொன்றனர். எள்ளலை நகையாகவே ஏற்கும் வாய்ப்பு திரைக்கு வெளியே இருப்பவர்க்கே கிடைக்கிறது. பழிவாங்கும் கதையாக மட்டும் இதனைக் காண்பார்க்கு இவ்வேறுபாடு புலனாதல் அரிது.

ஒரு மறுப்பும் விடையும்

செய்யுளுறுப்பாகச் சொல்லப்பட்ட மெய்ப்பாட்டைத் திரைப்படத்திற்குப் பொருத்துதல் தகுமோ என்னும் மறுப்பு எழக்கூடும். மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவே பண்ணையில் தோன்றும் பொருள்களைச் சுட்டித் தொடங்குவதும், பேராசிரியர் அதற்கு ஆடலும் பாடலும் கண்டும் கேட்டும் நுகரும் சூழலைக் கூறி விளக்குவதும் அதற்கு விடையாகும். நிகழ்த்துகலையோடு இவ்வியலுக்குள்ள தொடர்பு உரை மரபிலேயே ஏற்கப்பட்டுள்ளது. இருண்மை நகைச்சுவை என்னும் கருத்தாக்கம் தொல்காப்பியத்தில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கூற்றன்று. அக்கருத்தாக்கம் விளக்காமல் விட்ட ஒன்றை, அதாவது சிரிப்பு எவ்வழியில் கொலையாகிறது என்பதை, மெய்ப்பாட்டியலின் நிலைக்களன்களைக் கொண்டு விளக்க இயலும் என்பதே கூற்று.

முடிவுரை

‘ஆரண்ய காண்டம்’ படத்தில் துரோகத்திற்கு முதற்காரணம் பேராசை அன்று. எள்ளப்பட்டமையால் உண்டான இளிவரலே. சிங்கப்பெருமாளின் மூப்பும் சப்பையின் மென்மையும் பிறர்க்கு நகைக்களன்களாகவும் அவர்க்கு வெகுளிக்களன்களாகவும் அமைந்தன. பசுபதிக்குக் குடிகோளும் சுப்புவுக்கு அலையும் வெகுளிக்கு நேரடிக் காரணங்களாயின. எனினும் இருவர் பழிவாங்கலும் எள்ளுபவர்களின் மடனைக் கருவியாகக் கொண்டே நிறைவேறின. இளிவரலை மறைக்க முயலாத காளையன், கொடுக்காப்புளி உறவில் எள்ளல் இருந்தும் துரோகம் நிகழவில்லை. இவற்றால், படத்தில் உள்ள சிரிப்பு வன்முறைக்கு இடையே வரும் ஓய்வன்று, வன்முறையின் தோற்றுவாய் என்பது பெறப்படும்.

மெய்ப்பாடுகள் ஒன்று மற்றொன்றாக மாறும் வழியை நோக்கும் இம்முறை, குமாரராஜாவின் அடுத்த படமான ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) முதலியவற்றிற்கும் பொருத்திக் காணத்தக்கது. அங்கு வெகுளியின் இடத்தை மருட்கை பெறுகிறதா என்பது தனியே ஆராய்தற்குரியது.